பார் என்றார்கள், நாம் பார்க்கவில்லை

எங்கள் வீட்டுச் சுவரில் கடல் இருந்தது. தூத்துக்குடியில் தாத்தா கட்டிய வீடு அது. பின்கட்டில் காரை பெயர்ந்த இடத்தில் அடித்தளக் கல் வெளியே தெரியும். அந்தக் கல் முழுக்கச் சின்னச் சின்ன நட்சத்திரங்கள், தேன்கூட்டு அறைகளைப் போல ஒன்றையொன்று ஒட்டி இருக்கும். சிறு வயதில் மதிய வேளைகளில் அங்கே உட்கார்ந்து, விரல் நுனியால் அவற்றைத் தடவிக்கொண்டே இருப்பேன். எந்தக் கொத்தனாரோ பொறுமையாகச் செதுக்கியிருக்கிறார் என்று நம்பினேன். அது முருகைக்கல் என்றும், ஒவ்வொரு நட்சத்திரமும் ஓர் உயிர் குடியிருந்த அறை என்றும் தெரிய எனக்கு முப்பது வயதாயிற்று. அந்தக் கல் கடலில் இருந்தபோது அதைச் சுற்றி மீன்கள் இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க மேலும் பத்து வருடம் பிடித்தது.

எங்கள் வீடு மட்டும் இப்படி இல்லை. தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் இராமேசுவரத்திலும் பழைய சுவர்களைத் தட்டிப் பாருங்கள், காரைக்குப் பின்னால் கடல் நிற்கும். 1964 டிசம்பர்ப் புயல் விட்டுவைத்த தனுஷ்கோடி தேவாலயச் சுவர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத சுற்றுலாப் பயணி குறைவு. முதுகுக்குப் பின்னால் இருப்பது பவளம் என்பது அந்தப் படங்களிலேயே தெளிவாகத் தெரியும். கல்லாக அடுக்கியது போக மிச்சத்தைச் சுட்டோம். காளவாசலில் வெந்த பவளம் பொங்கலுக்கு முந்தின வாரம் வாளியில் தண்ணீர் பட்டுக் கொதித்து, எங்கள் வீடுகளை வெளுப்பாக்கியது. கார்பைடு ஆலைகளுக்கும் வண்டி வண்டியாகப் போயிற்று.

நாம் என்று எழுதும்போது வள்ளத்தில் போய்க் கடப்பாரையால் பெயர்த்தவரை நான் சொல்லவில்லை. அவர் அன்றைய அரிசிக்குப் போனவர். அந்தக் கல்லை வாங்கியவர்கள், அதற்குள் குடியிருந்தவர்கள், வெள்ளையடித்த சுவரைப் பார்த்து மகிழ்ந்தவர்கள், இது எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்காதவர்கள் நாங்கள். கரையில் இருந்த நாங்கள். இந்தக் கட்டுரையில் வருகிற நாம் அவர்கள்தான்.

தமிழில் பார் என்றால் உலகம். பார் என்றால் காண் என்ற ஏவலும்தான். கடற்கரையில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு: கடலடியில் கிடக்கும் பாறைத்திட்டு. முத்துச்சிப்பி விளைகிற திட்டு முத்துப்பார். தூத்துக்குடிக்கு எதிரே தொள்ளாயிரம் பார் என்றே ஒன்று இருக்கிறது. கரையில் தெரியும் மலைமுகட்டையும் கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் நிறுத்தி, கணியம் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத பாரின் தலைக்குமேல் பிசகாமல் தூண்டில் இறக்கியவர்கள் நம் கடலோடிகள். ஒவ்வொரு பாருக்கும் பெயர், ஆழம், எந்த மாதம் எந்த மீன் அங்கே நிற்கும் என்ற கணக்கு, எல்லாம் அவர்கள் நினைவில் இருந்தது. நான் படித்த புவியியல் புத்தகத்தில் மலைகள் இருந்தன, ஆறுகள் இருந்தன, அவற்றின் நீளங்களை மனப்பாடம் செய்தோம். கடல் வெறும் நீல நிறமாக இருந்தது. பள்ளியிலிருந்து கடற்கரை நடந்து போகும் தூரம்.

அந்தப் பாறைகளில் வாழும் ஒரு மீனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நன்றாக வளர்ந்தால் ஒரு சாண் வரை போகும். வெள்ளி வயிறு, மஞ்சள் பூசிய முதுகு, மேலிருந்து கீழாக ஐந்து கறுப்புப் பட்டைகள். படைவீரரின் சட்டைக்கையில் இருக்கும் பட்டைகளை நினைத்து ஆங்கிலேயர்கள் இந்தக் கூட்டத்து மீன்களுக்கு சார்ஜென்ட் மேஜர் என்று பெயர் வைத்தார்கள். நான் இங்கே ஐம்பட்டையன் என்று எழுதுகிறேன். அது என் வசதிக்காக நானே வைத்த பெயர். அப்படி வைக்க வேண்டி வந்ததில் என் குற்றம் ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

செங்கடலிலிருந்து பசிபிக் தீவுகள் வரை இது இருக்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியும், இலங்கைக் கரையிலும், குமரிமுனைப் பக்கத்துப் பாறைகளிலும் இருக்கிறது. ஆழம் தேடிப் போகாது. அலை உடைகிற இடத்திலிருந்து 15 மீட்டர் ஆழத்துக்குள் அதன் உலகம் முடிந்துவிடும். துறைமுகத் தூண், பாலத்தின் கால், தூண்டில் வளைவுக்காகக் கொட்டிய கருங்கல், இவை எதுவாக இருந்தாலும் போதும், வந்து குடியேறிவிடும். இதைக் காண மூச்சுக்குழாயும் முகமூடியும் வேண்டாம். காற்று ஓய்ந்து தண்ணீர் தெளிந்த ஒரு காலையில் கல்மேல் நின்று குனிந்தால் போதும். நாம் அந்தக் கற்கள்மேல் நின்றிருக்கிறோம். கடலை கொறித்துத் தின்றிருக்கிறோம், சூரியன் எழுவதைப் பார்த்திருக்கிறோம். காலுக்குக் கீழே குனிந்ததில்லை.

குனிந்திருந்தால் ஒரு தகப்பனைப் பார்த்திருப்போம்.

இந்த மீனில் முட்டைக்குக் காவல் இருப்பது ஆண். முட்டையிடும் காலம் வந்ததும் அது ஒரு பாறைமுகத்தைத் தேர்ந்தெடுக்கிறது. அதில் ஒட்டியிருக்கும் பாசியையும் சிறு பூச்சிகளையும் வாயால் கொத்திக் கொத்தி அப்புறப்படுத்துகிறது. கோலம் போடுவதற்கு முன்னால் வாசலைப் பெருக்குவதுபோல என்று தோன்றும். கூடவே அதன் நிறம் மாறும். மஞ்சள் மங்கி, உடல் முழுக்க நீலம் ஏறும். அந்த நீலம்தான் அது போடும் அழைப்பு. பெண் மீன் வந்து, பெருக்கிய இடத்தின்மேல் வயிறு உரச மெல்ல நீந்தி முட்டைகளை ஒட்ட வைத்துவிட்டுப் போய்விடுகிறது. ஆயிரக்கணக்கான முட்டைகள், ஒவ்வொன்றும் கடுகைவிடச் சிறியது, ஊதாவும் சிவப்பும் கலந்த ஒரு விரிப்புபோலக் கல்லில் படர்ந்திருக்கும்.

அதன் பிறகு நான்கைந்து நாள் தகப்பன் அந்த இடத்தைவிட்டு நகராது. துடுப்பால் விசிறி முட்டைகளின் மேல் புதுத் தண்ணீர் ஓட வைக்கும், முட்டைக்கும் மூச்சு வேண்டும் அல்லவா. கெட்டுப்போன முட்டையை மட்டும் பொறுக்கி எடுக்கும். முட்டை தின்ன மற்ற மீன்கள் கூட்டமாக வரும். ஒன்றைத் துரத்திக்கொண்டு போனால் பத்து மீன்கள் பின்னால் நுழைந்து விரிப்பில் ஓட்டை போட்டுவிடும், ஆகவே இதன் துரத்தலுக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டு முழம் பாய்ந்து உடனே திரும்பிவிடும். மனிதன் அருகே போனாலும் அப்படியே பாயும். ஒரு சாண்கூட இல்லாத மீன், தன்னைப்போல ஆயிரம் மடங்கு எடையுள்ள ஒன்றின் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். நாள் செல்லச் செல்ல முட்டையின் நிறம் மாறும், உற்றுப் பார்த்தால் உள்ளே கண்கள் தெரியும். ஓர் அந்தி கழிந்த பிறகு குஞ்சுகள் வெளியேறிக் கடலோடு போய்விடும். தகப்பன் திரும்பவும் கல்லைப் பெருக்கத் தொடங்கும்.

குஞ்சுகள் வாரக்கணக்கில் நீரோட்டத்தில் மிதக்கின்றன. மிதக்கும் பாசித் திரள், மரத்துண்டு, அறுந்த கயிறு, எது கிடைத்தாலும் அதன் நிழலில் ஒண்டிக்கொள்ளும். பிழைப்பது மிகச் சில. பிழைத்தது ஒரு கல்லைத் தேடி இறங்குகிறது. இந்த மீனின் வாழ்க்கையில் எல்லாமே கல்லில் தொடங்கிக் கல்லில்தான் முடிகிறது. அந்தக் கல்லைத்தான் நாம் சுவராக்கினோம்.

விலங்கியலில் இதற்குப் பெயர் அபுடெஃப்டஃப் வைகியென்சிஸ். முதன்முதலில் இந்தப் பெயரைக் கேட்டபோது என் மனம் வைகைக்குப் போயிற்று. இராமநாதபுரம் தாண்டி ஆற்றங்கரை என்ற ஊரில் கடலைத் தொடும் நம் வைகையின் பெயரைத்தான் யாரோ வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். உண்மையில் அது நியூகினிக்குப் பக்கத்தில் இருக்கும் வைகியோ என்ற தீவின் பெயர். 1825இல் குவா, கெய்மார் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள், கடற்பயணத்தில் போனவர்கள், அந்தத் தீவின் பெயரால் இதை எழுதிவைத்தார்கள். முன்பாதி அரபுச் சொல். 1775இல் வெளியான, ஃபோர்ஸ்கோல் என்ற இயற்கை ஆய்வாளரின் நூல் செங்கடல் மீனவர்கள் வாயில் வழங்கிய பெயரை அப்படியே எடுத்து அறிவியலுக்குள் வைத்தது. அரபு மீனவர் சொன்ன சொல் இன்றைக்கும் உலகமெங்கும் உள்ள ஆய்வகங்களில் எழுதப்படுகிறது.

நம் சொல்லும் ஒன்று அப்படிப் போயிருக்கிறது. தரங்கம்பாடியில் இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் இந்தக் கரையின் மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த மார்க்கஸ் ப்ளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பினார். ப்ளாக் 1793இல் ஒரு கத்தலை இனத்துக்கு ஜானியஸ் கருட்டா என்று பெயர் வைத்தார். ஜானியஸ் என்பது பாதிரியாரின் பெயர். கருட்டா நம் மீனவரின் கருத்தகத்தலை. கடலோர மனிதர் ஒருவரிடம் இதன் பெயர் என்ன என்று யாரோ கேட்டிருக்கிறார்கள், கேட்டதைக் காகிதத்தில் குறித்திருக்கிறார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அந்த எளிய காரியத்தை, மொழிக்காக இத்தனை பேசிய நாம், நம் கடலோரத்தில் ஒரு வழக்கமாக ஆக்கிக்கொள்ளவே இல்லை. கம்பராமாயணத்துக்கு எத்தனை உரை இருக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. பாரில் நிற்கும் மீன்களின் பெயர்களை ஊர் ஊராகத் தொகுத்து ஒவ்வொரு பள்ளி நூலகத்திலும் வைத்திருக்க வேண்டியவர்கள் நாம். என் பள்ளியில் அப்படி ஒன்று இருந்ததில்லை.

முத்தைப் பற்றி மட்டும் சலிக்காமல் பேசினோம். கொற்கை முத்து, ரோமாபுரிக்குப் போன முத்து, மார்க்கோ போலோ எழுதிவைத்த முத்துக்குளிப்பு. எந்த மேடையிலும் அது கைதட்டல் வாங்கும். தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதற்குப் பிறகு முத்து ஏன் வரவில்லை என்று யோசித்திருந்தால் கடலடிப் பாறைகளின் நிலைமைக்குப் போயிருப்போம். போகவில்லை. பழம்பெருமை கையில் இருந்ததால் நிகழ்காலம் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் சில எண்களைச் சொல்லியாக வேண்டும். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று படித்தோம். அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு அருகே இருக்கும் வான் தீவு 1969இல் 16 ஹெக்டேர். 2015இல் சுமார் 2 ஹெக்டேர்தான் மிஞ்சியிருந்தது. காரியாச்சல்லி அதே 1969இல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்தது, அதுவும் கரைந்துகொண்டே வந்திருக்கிறது. தீவைச் சுற்றி நின்ற பவளத்திட்டுதான் அலையை உடைத்து அதைக் காத்தது. திட்டைப் பெயர்த்ததும் அலை நேராக மணலுக்கு வந்தது. 1960களிலிருந்து இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்தப் பெயர்ப்பு நடந்தது. தீவுகள் கரைவது தெரிந்த பிறகு, வான் தீவைச் சுற்றி சிமெண்டுக் கட்டமைப்புகளைச் செய்து கடலில் இறக்கினார்கள். நாம் எடுத்த கல்லுக்கு ஈடாக நாமே செய்த கல். நல்ல வேலைதான், செய்தவர்களை வணங்குகிறேன். ஐம்பட்டையன் போன்ற மீன்களுக்கு அது பவளமா சிமெண்டா என்ற வேறுபாடு பெரிதில்லை. பவளத்தின் கிளைகளுக்கு நடுவே மட்டுமே வாழத் தெரிந்த மற்றச் சிறுமீன்களுக்கு அது பெரிய வேறுபாடு.

சட்டம் வராமல் இல்லை. 1986இல் இந்தத் தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 560 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தன, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. இவை நடந்தபோது நமக்கு ஒரு நிம்மதி வந்தது. சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம். பெயர்ப்பு உண்மையில் நின்றது 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகுதான். தீவும் திட்டும் தங்கள் ஊருக்கு முன்னால் நின்று அலையைத் தாங்கியதைக் கடலோர மக்கள் கண்ணால் கண்டார்கள். நாம் தொலைக்காட்சியில் கண்டோம்.

இந்த இடத்தில் நம் தவறுகளில் எனக்கு மிகவும் உறுத்துவதைச் சொல்ல வேண்டும். பவளம் அழிகிறது என்று தெரிந்தபோது நாம் உடனே ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்தோம். மீனவர். பாசி எடுக்கும் பெண்கள். பாம்பன் பக்கத்துக் கிராமங்களில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கித் தீவுகளைச் சுற்றிப் பாறையிலிருந்து பாசி பறிக்கிற பெண்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். பூங்கா எல்லை வந்த பிறகு அவர்கள் அத்துமீறுகிறவர்கள் ஆனார்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, பாசியை வேரோடு பிடுங்காமல் கையால் பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். கல்வீட்டில் இருந்துகொண்டு அப்படி ஒரு கட்டுப்பாட்டை நாம் எதற்காவது வைத்துக்கொண்டோமா? அவர்கள் பறித்த பாசியிலிருந்து எடுத்த அகார் நம் இனிப்பிலும் மருந்திலும்தான் வந்து சேர்ந்தது.

அவர்களுக்கு மாற்று வருமானம் என்று கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை மண்டபம் பகுதியில் வளர்க்கத் தொடங்கியபோது நாம் வெற்றிக்கதை எழுதினோம். சில ஆண்டுகளில் அதே பாசி குருசடைத் தீவுப் பவளங்களின்மேல் போர்வைபோலப் படர்ந்து, கீழே இருந்ததை மூச்சடைக்க வைத்தது. 2008இல் ஆய்வாளர்கள் அதை எழுதினார்கள். வெற்றிக்கதை எழுதிய பேனாக்கள் அதற்குத் திரும்பிப் போகவில்லை. எழுத்தில் இருக்கிறவர்கள் பலருக்கு இதில் பங்கு உண்டு, எனக்கும் உண்டு.

2016ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஜனவரியில் திருச்செந்தூருக்குத் தெற்கே எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கரையில் வந்து ஒதுங்கின. பத்திரிகைகள் ஓடின, கேமராக்கள் ஓடின, நானும் ஓடினேன். பெரிய உடல்கள் மணலில் கிடந்து மூச்சுவிடுவதைப் பார்த்து அழுதவர்கள் உண்டு, அந்த அழுகை பொய்யில்லை. மீனவர்கள் இரவெல்லாம் அவற்றைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சில மாதம் கழித்து, அதே கடலில், நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. பவளத்துக்குள் குடியிருந்து அதற்கு நிறமும் உணவும் கொடுக்கும் நுண்பாசி, சூடு தாங்காமல் வெளியேறும். பவளம் எலும்பு வெள்ளையாகும். சூடு தணிந்தால் சில மீளும், மற்றவை சாகும். 1998இலும் 2010இலும் நடந்ததுதான். 2016இல் மன்னார் வளைகுடாவின் உயிருள்ள பவளப்பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 விழுக்காட்டுக்கு இறங்கியது. அதற்கு நான் ஓடவில்லை. மணலில் கிடக்கும் உடல் இல்லாததால் எனக்கு அது சாவாகத் தெரியவில்லை. தூத்துக்குடியில் இருக்கும் கடல் ஆய்வாளர்கள் நீருக்கடியில் கயிறு பிடித்து, அளந்து, எண்ணி, அந்த எண்களை வெளியிட்டார்கள். அவர்களிடம் ஒரு தொலைபேசி அழைப்பு போதும், எல்லாம் சொல்லியிருப்பார்கள். அழைக்கவில்லை.

ஐம்பட்டையன் அருகிப்போகும் இனம் இல்லையே என்று சிலர் கேட்கலாம். சரிதான், உலக அளவில் அது கவலைக்கு இடமில்லாத பட்டியலில்தான் இருக்கிறது. எதையும் தின்னும், எந்தக் கல்லிலும் ஒட்டிக்கொள்ளும், அதனால் பிழைத்துக்கொள்ளும். அதைப் பற்றி எழுத நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இதுதான். கடற்பசு என்றால் கவனிக்கிறோம், அதற்காகப் பாக் விரிகுடாவில் 2022இல் காப்பகமே வந்துவிட்டது, நல்லது. ஆமை என்றால் இரவில் விழித்து முட்டை பொறுக்குகிறோம். சாகப்போகிறது என்று யாராவது சொன்னால்தான் நம் கண் ஓர் உயிரின்மேல் விழுகிறது. சாகாமல் காலடியில் வாழ்ந்துகொண்டிருப்பது நமக்கு இல்லாததற்குச் சமம். இந்தக் கவனக்குறைவில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. சுற்றுலாப் படகிலிருந்து குனிந்து பார்க்கிறவருக்குப் பட்டை போட்ட மீன் கூட்டமாகத் தெரிந்தால், கடல் நன்றாக இருக்கிறது என்று திரும்பிவிடுவார். கிளைப்பவளத்தோடு போய்விட்ட மற்ற மீன்கள் அங்கே இருந்தன என்று அவருக்கு எப்படித் தெரியும்? எதையும் தாங்கும் ஒன்று மட்டும் மிஞ்சி நிற்பதை வளம் என்று படித்துக்கொள்வோம்.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் கோடைதோறும் வெப்ப நீரோட்டம் இந்த மீனின் குஞ்சுகளைத் தெற்கே சிட்னி வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அது அங்கே பிறந்த ஊர் இல்லை, குளிர்காலம் வந்தால் பெரும்பாலும் செத்துவிடும். அங்கே ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் நீரில் இறங்கி, வந்த குஞ்சுகளை எண்ணி, எத்தனை குளிரைத் தாண்டின என்று குறிக்கிறார்கள். கடல் சூடாகிறதா என்பதை அந்தச் சின்ன உடல்களை வைத்து அளக்கிறார்கள். வழிதவறி வந்த குஞ்சுக்கு அங்கே இத்தனை கவனிப்பு. அது குடியிருக்கும் ஊர் நம்முடையது.

இனி, பெயர்க் கதை. சில ஆண்டுகளுக்கு முன்னால் தூத்துக்குடிக் கடற்கரையில் சங்குக் குளியாளி ஒருவரோடு உட்கார்ந்திருந்தேன். வயது அறுபதை நெருங்கியிருக்கும். காது மந்தம், ஆழத்தில் போய்ப் போய் வந்தது. கைபேசியில் இந்த மீனின் படத்தைக் காட்டி, "இது பேரு என்ன அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"எந்த ஊர்ப் பேரு வேணும் தம்பி? நாங்க ஒண்ணு சொல்லுவோம், வேம்பார்ல வேற சொல்லுவாவ."

"உங்க ஊர்ப் பேருதான்."

சொன்னார். பிறகு படத்தை வாங்கி அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "இது நின்னா அடியில கல்லு இருக்குன்னு அர்த்தம். மண்ணுல நிக்காது. முட்டைய வச்சுக்கிட்டு நின்னா ஆளையே கொத்த வரும், சின்ன மீனுதான், ஆனா வரும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நாப்பது வருசமா முங்குதேன் தம்பி. கரையில உள்ளவங்க வெல கேப்பாவ. பேரு ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார்.

அவர் சொன்ன பெயரை நான் எழுதிக்கொள்ளவில்லை. கைபேசியில் குறித்திருக்கலாம், அவர் குரலையே பதிவு செய்திருக்கலாம். நினைவில் இருக்கும் என்று நினைத்தேன். வீடு வந்து சேரும்போது அது போய்விட்டிருந்தது. மறு ஆண்டு தேடிப்போனபோது அவர் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு வெளியூரில் இருக்கும் மகளிடம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அரபு மீனவரின் சொல்லை 1775இன் புத்தகம் காப்பாற்றி வைத்திருக்கிறது. என் ஊர்க்காரர் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன சொல்லை, கையில் கருவி இருந்தும், நான் தொலைத்தேன். அதனால்தான் இந்தக் கட்டுரை முழுக்க ஐம்பட்டையன் என்ற என் சொந்தப் பெயரை எழுத வேண்டி வந்தது. ஒரு மீனுக்கு ஏற்கெனவே பெயர் இருக்க, கரையில் உட்கார்ந்துகொண்டு புதுப்பெயர் வைக்க எனக்கு உரிமை இல்லை. இந்த மீனிடமும் அவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

எங்கள் வீட்டை இடித்துவிட்டார்கள். அடித்தளத்து முருகைக்கற்கள் லாரியில் எங்கோ பள்ளம் நிரப்பப் போயின. ஒரே ஒரு கல்லை எடுத்து வைத்திருக்கிறேன், என் மேசைமேல் இருக்கிறது. நட்சத்திரங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

இதைப் படிக்கிறவர்களில் கடற்கரை ஊர்க்காரர்கள் இருப்பீர்கள், விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போகிறவர்கள் இருப்பீர்கள். தூண்டில் வளைவில் நிற்கும்போது ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். பட்டை போட்ட சின்ன மீன் தெரிந்தால், அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருப்பவரிடமோ வலை உலர்த்துகிறவரிடமோ பாசி எடுக்கிற அக்காவிடமோ அதன் பெயரைக் கேளுங்கள். கேட்டதை அங்கேயே, அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஊரில் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஊருக்கு ஊர் பெயர் மாறும்.